ஓய்வூதியக் கணக்கை ஆள்வாரியாகப் போடக் கற்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் முதியோர் எண்ணிக்கை பெருகிவருவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். 2021-இல் 13.6 சதவீதமாக இருந்த அறுபது வயதைக் கடந்தோரின் பங்கு 2031-இல் 18.2 சதவீதமாகும் என்ற மதிப்பீட்டைக் கட்டுரை எடுத்துக்காட்டியிருந்தது. மக்கள்தொகையை வயது, பாலினம் என்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மொத்தமாக அடுத்த ஐந்தாண்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும் கணக்கிலிருந்து கிடைத்த எண் அது. எத்தனை முதியவர்கள் இருப்பார்கள் என்பதை அந்த முறை நன்றாகவே சொல்லும். அவர்களில் எத்தனை பேர் கணவரை இழந்து, பிஎஃப் ஓய்வூதியமும் இல்லாமல், பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியே வசிப்பார்கள் என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. ஓய்வூதியத் திட்டம் தீட்டுகிறவருக்கு வேண்டியதோ இந்த இரண்டாவது எண்தான்.

அதைத் தரும் முறை உலகில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் கை ஆர்கட் 1957-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். இன்று டைனமிக் மைக்ரோசிமுலேஷன் என்று அழைக்கிறார்கள். கட்டங்களுக்குப் பதிலாக ஆட்கள். ஒரு லட்சம் பேரைக் கணினியில் வைத்து, ஒவ்வொருவருக்கும் வயது, படிப்பு, மணநிலை, வேலை எல்லாம் கொடுத்து, ஆண்டு ஆண்டாக வாழவிடுகிறோம். யாருக்குத் திருமணம், யாருக்கு வேலை போகிறது, யார் இறக்கிறார் என்பதை நிகழ்தகவும் சமவாய்ப்பு எண்ணும் (ரேண்டம் எண்) சேர்ந்து முடிவு செய்கின்றன. முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தால் நம் கையில் இருப்பது ஒரு லட்சம் வாழ்க்கை வரலாறுகள். எந்தக் கேள்வியையும் அவற்றிடம் கேட்கலாம். நார்வேயின் மோசார்ட், பிரான்சின் தெஸ்தினி, பெல்ஜியத்தின் மிதாஸ் ஆகியவை ஓய்வூதியச் செலவைக் கணிக்க இப்படி எழுந்த மாடல்கள்.

நம் கல்லூரிகளின் புள்ளியியல், பொருளியல், மக்கள்தொகையியல் துறைகளில் இதை ஒரு பருவப் பாடமாகக் கற்பிக்க முடியும். அதற்கான கருவிகள் இலவசம். தடையாக இருப்பது, எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும் என்பது தமிழில் எங்கும் சொல்லப்படாததே. ஆகவே இடத்தைச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு அதையே எழுதுகிறோம்.

முதலில், எக்செலில் தொடங்க வேண்டாம். ஒரு லட்சம் பேர், நாற்பது ஆண்டு என்றால் நாற்பது லட்சம் வரிகள். எக்செல் தாளில் இருப்பதோ 10,48,576 வரிகள். பைத்தானிலோ ஆர் மொழியிலோ முழுவதையும் நாமே எழுதலாம் என்று மாணவர்களுக்குத் தோன்றும். எழுதலாம்தான். ஆனால் ஆட்களுக்கு இடையிலான உறவைக் காப்பது, நிகழ்வுகளைக் கால வரிசையில் நிறுத்துவது, அட்டவணை போடுவது, ஒரே ஓட்டத்தைப் பலமுறை திருப்பி ஓட்டிப் பிழையை அளப்பது என்று கூலி வேலைக்கே பருவம் முடிந்துவிடும். இவற்றைத் தானே பார்த்துக்கொள்ளும் கருவிகளில் இரண்டு வகையைச் சொல்வோம். கனடாவின் புள்ளியியல் நிறுவனம் உருவாக்கியது மாட்ஜென். அதே மொழியைத் திறந்த மூலமாக்கி, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடச் செய்தது ஓப்பன்எம்++. பெல்ஜியத்தின் மத்திய திட்டமிடல் அலுவலகம் உருவாக்கியது லியாம்2. முதல் வகையான மாட்ஜென், ஓப்பன்எம்++ இரண்டிலும் காலம் தொடர்ச்சியாக ஓடும், ஒரு நிகழ்வு 27.43 வயதிலும் நடக்கலாம். லியாம்2-இல் ஆண்டு ஆண்டாக எட்டு வைத்து நகரும். எட்டு கிகாபைட் நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி இரண்டு வகைக்கும் போதும்.

ஓப்பன்எம்++ பொதியைத் தரவிறக்கி விரித்தால் அதிலேயே ரிஸ்க்பாத்ஸ் என்ற பயிற்சி மாடல் இருக்கும். பெண்களின் முதல் இணைவு (திருமணமோ சேர்ந்து வாழ்தலோ), பிரிவு, இரண்டாம் இணைவு, முதல் கருத்தரிப்பு, இறப்பு, அவ்வளவுதான். ஏற்கெனவே மொழிமாற்றி வைத்த நிரலாக வருவதால், சி++ கம்பைலர் இல்லாமலே அளவுருக்களை மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். முதல் இரண்டு வாரம் அதோடு இருக்க வேண்டும். அதில் 'கேன்டை' என்ற சுவிட்ச் உண்டு; அதை அணைத்தால் யாரும் நடுவில் இறக்கமாட்டார்கள், கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடுவது எளிதாகும். பிறகு 15 முதல் 40 வயது வரை இரண்டரை ஆண்டுப் பிரிவுகளாக உள்ள கருத்தரிப்பு வீதங்களில் ஒரே ஒரு பிரிவை மட்டும் பாதியாக்கி ஓட்டுங்கள். அதற்குப் பிந்தைய வயதுகளில் முதல் கருத்தரிப்பு ஏன் கூடுகிறது என்று மாணவர் தாமே விளக்கிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இந்த மாடலின் உயிர் ஒரே வரியில் இருக்கிறது. ஒரு நிகழ்வின் ஆண்டு வீதம் 0.05 என்றால், அது நடக்க எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து, அதன் இயல் மடக்கையை வீதத்தால் வகுத்து, குறியை மாற்ற வேண்டும். எண் 0.5 வந்தால் 13.9 ஆண்டு; 0.9 வந்தால் 2.1 ஆண்டு; ஏராளமான முறை எடுத்தால் சராசரி 20 ஆண்டு. வயதுப் பிரிவு மாறி வீதமும் மாறும்போது காத்திருப்புக் காலத்தைக் கருவியே மறுபடி கணக்கிட்டுக்கொள்ளும். புதியவர்கள் இங்கே இரண்டு தவறு செய்வார்கள். வீதம் பூச்சியமாக இருக்கும் வயதில் வகுத்துவிடுவது ஒன்று. பூச்சியம் என்றால் 'எப்போதும் நடக்காது' என்ற முடிவிலிக் காலத்தைத் திருப்பித் தர வேண்டும். மற்றது, மாத வீதத்தை ஆண்டு வீதம் என்று நினைத்துப் போடுவது. நிரல் சத்தமில்லாமல் ஓடும். கல்யாணம் மட்டும் பன்னிரண்டு மடங்கு தள்ளிப்போகும்.

மூன்றாம் வாரத்திலிருந்து லியாம்2-க்கு வரலாம். மாடல் முழுவதும் யாம்ல் என்ற எளிய உரை வடிவில் ஒரு கோப்பு: ஆட்கள், குடும்பங்கள் என்ற இரண்டு வகை, அவற்றுக்கான புலங்கள், அவற்றை இணைக்கும் கண்ணிகள், பிறகு செயல்பாடுகள். வரிகளை உள்தள்ள டேப் விசையைத் தட்டக்கூடாது, இடைவெளிதான். முதல் நாள் வரும் பிழைச்செய்திகளில் பாதி இதனால்தான்.

அதன் பயிற்சி மாடலில் இறப்புப் பகுதியை ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து படிக்க வேண்டும். நான்கைந்து வரிதான். யார் இறக்கிறார் என்று முடிவு செய்வது முதல் வரி. அடுத்தது, துணை இறந்திருந்தால் மணநிலையைக் கைம்மை என்று மாற்றும் வரி. அதற்கடுத்து, துணையின் எண்ணை -1 ஆக்கும் வரி. கடைசியாக, இறந்தவரைப் பட்டியலிலிருந்து எடுக்கும் 'ரிமூவ்'. இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றினால், துணை யார் என்ற தகவலை முதலில் அழித்துவிட்டு அவர் இறந்தாரா என்று கேட்கிறோம். பதில் 'இல்லை' என்றுதான் வரும். ரிமூவை மேலே கொண்டுபோனாலும் அதே கதி. நிரல் நிற்காது, எச்சரிக்கை வராது. முப்பது ஆண்டு ஓடி முடிந்தபின் பார்த்தால் எழுபது வயதில் கணவரை இழந்த பெண்களே மாநிலத்தில் இல்லை என்று அட்டவணை சொல்லும். விதவை ஓய்வூதியத்துக்கு அதை வைத்து நிதி ஒதுக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இதற்கு ஒரு காவல் உண்டு: ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் 'மணமானவர் என்று இருந்தும் துணையின் துணை நானாக இல்லாதவர்கள்' எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டும் ஒரு வரியை எழுதிவிடுங்கள். பூச்சியத்தைத் தவிர எது வந்தாலும் நிறுத்திவிட்டுத் தேட வேண்டும்.

இறப்பு நிகழ்தகவை எங்கிருந்து எடுப்பது? இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மாதிரிப் பதிவுத் திட்டத்தின்கீழ் மாநிலவாரியாக வெளியிடும் சுருக்க வாழ்நாள் அட்டவணைதான் கைவசம் உள்ளது. அது ஐந்தைந்து ஆண்டுகளாக இருக்கும். 75 முதல் 80 வயதுக்குள் இறக்கும் நிகழ்தகவு 0.20 என்று இருந்தால், பலரும் ஐந்தால் வகுத்து ஆண்டுக்கு 0.04 என்று போட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கு 4 சதவீதம் என்று ஐந்தாண்டு ஓட்டினால் ஆயிரத்துக்கு 185 பேர்தான் இறப்பார்கள், 200 பேர் அல்ல. சரியான வழி, 0.8-இன் ஐந்தாம் மூலத்தை 1-இலிருந்து கழிப்பது, 0.0436 வரும். முதிய வயதில் இந்தச் சிறு வித்தியாசம் ஓய்வூதியம் வாங்குவோர் எண்ணிக்கையை மேலே தூக்கிவிடும். இன்னொரு பொறி அட்டவணையின் கடைசி வரியில் இருக்கிறது. 85-க்கு மேல் என்ற திறந்த பிரிவில் நிகழ்தகவு 1 என்று இருக்கும், எல்லோரும் என்றாவது இறப்பார்கள் என்ற பொருளில். அதை ஆண்டு நிகழ்தகவாக ஏற்றினால் 85-ஆம் பிறந்தநாளைத் தாண்டி ஒருவரும் இருக்கமாட்டார். அந்த வயதில் எஞ்சிய சராசரி ஆயுள் ஐந்தாண்டு என்றால் வீதம் ஐந்தில் ஒன்று, அதாவது 0.2, என்று தொடங்குவது தற்காலிகத்துக்குப் போதும்.

இனி, இந்தக் கடிதம் எழுதியதற்கே காரணமான தவறு. இதைச் செய்யாத தொடக்க மாடல் அரிது, அனுபவசாலிகளும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

பிஎஃப் உறுப்பினர்களுக்கான இபிஎஸ்-95 ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். ஏதோ ஓர் ஆண்டில் கணக்கெடுத்தால் வேலை செய்வோரில் 40 சதவீதம் பேர் பிஎஃப் உள்ள வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாடல் எழுதுபவர் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சீட்டு எடுக்கிறார், பிஎஃப் வேலை கிடைக்க வாய்ப்பு 0.4. ஆண்டுவாரி அட்டவணையில் எப்போதும் சரியாக 40 சதவீதம் வரும். அவரும் மகிழ்ச்சியாக அடுத்த வேலைக்குப் போவார். ஆனால் 35 ஆண்டுப் பணிக்காலத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் பிஎஃப் ஆண்டுகளின் சராசரி 14, திட்டவிலக்கம் 3-க்கும் குறைவு. பத்தாண்டு எட்டாதவர்கள் சுமார் 6 சதவீதம் பேரே. அதாவது 94 சதவீதம் பேர் ஓய்வூதியம் வாங்குவார்கள் என்று மாடல் சொல்கிறது. உண்மை வேறு. நிரந்தர வேலையில் நுழைந்தவர் அங்கேயே இருக்கிறார். கட்டட வேலையிலும் விசைத்தறியிலும் இருப்பவர் பெரும்பாலும் அங்கேயே முதுமையடைகிறார். யாரும் இடம் மாறவே இல்லை என்ற மறு எல்லையில் ஓய்வூதியம் பெறுவோர் வெறும் 40 சதவீதம். ஆண்டுவாரி அட்டவணை இரண்டிலும் ஒன்றுதான். ஓய்வூதியம் பெறுவோர் எண்ணிக்கையோ இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது, ஓய்வூதியம் இல்லாமல் முடிகிறவர்களின் எண்ணிக்கை பத்து மடங்கு மாறுகிறது.

ஆகவே இன்று என்ன நிலை என்பதை நேற்று என்ன நிலை, அந்த நிலையில் எத்தனை ஆண்டாக என்பதோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். லியாம்2-இல் இதற்காகவே 'லேக்', 'டியூரேஷன்' என்ற இரண்டு செயற்கூறுகள் இருக்கின்றன. மாட்ஜென் மொழியிலும் காலநீட்டத்தைக் கேட்கும் வசதி உண்டு. அவற்றில் ஊட்ட வேண்டிய எண்களை ஒரே ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பிலிருந்து பெற முடியாது, ஒரே ஆளை இரண்டு முறையாவது பார்த்த தரவு வேண்டும். நகர்ப்புறக் குடும்பங்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்த தொழிலாளர் கணக்கெடுப்பும், 2004-05-இல் பார்த்த குடும்பங்களை 2011-12-இல் மறுபடி பார்த்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வும் இருக்கின்றன. முதலாவதில் இடைவெளி மாதங்கள்தான், இரண்டாவதில் ஏழாண்டு. இரண்டையும் ஆண்டு மாற்றத்துக்குக் கொண்டுவருவதே தனிப் பயிற்சி. மாடலைச் சோதிக்கும்போதும் ஆண்டுவாரி சதவீதத்தைப் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. அறுபது வயதில் பூச்சிய ஆண்டு பிஎஃப் உள்ளவர் எத்தனை பேர், ஐந்துக்குக் கீழ் எத்தனை, முப்பதுக்கு மேல் எத்தனை என்று ஒரு பரவல் படம் போட்டுப் பார்க்க வேண்டும். மணிபோல நடுவில் குவிந்திருந்தால் மாடல் தவறு. இரு ஓரங்களிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருந்தால்தான் நம் ஊர்.

தொடக்க மக்கள்தொகையை அமைப்பதில் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. வெளிநாட்டுக் கையேடுகள் இதைச் சொல்லாது. தேசியக் குடும்ப நல ஆய்வின் குடும்பப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் குடும்பத் தலைவரோடு என்ன உறவு என்று இருக்கும். கூட்டுக் குடும்பத்தில் இரண்டு மகன், இரண்டு மருமகள் என்றால் யாருக்கு யார் என்று பட்டியலில் தெரியாது. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட, பேட்டி கண்ட பெண்களுக்குக் கணவரின் வரிசை எண் பெண்கள் கோப்பில் இருக்கிறது. அதை முதலில் இணைத்துவிட வேண்டும். மீதியை வயது வரிசைப்படி சேர்ப்பது ஒன்றே வழி. அடுத்து, எடை. கணக்கெடுப்பில் ஒருவர் 700 பேருக்குச் சமம், இன்னொருவர் 2,300 பேருக்குச் சமம் என்று இருக்கும். இவர்கள் இருவருக்கும் மாடலில் திருமணம் நடந்தால் அந்தக் குடும்பத்தின் எடை என்ன? விடை கிடையாது. ஓட்டம் தொடங்கும் முன்பே எடைக்கு ஏற்ற வாய்ப்பில் குடும்பங்களை மீளத் தெரிவு செய்து, எல்லோரும் சம எடை என்று ஆக்கிவிடுவதே நல்லது. ஆட்களைத் தனித்தனியே தெரிவு செய்யாமல் குடும்பத்தோடு எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவைக்கிறோம். ஜோடி சேர்க்கும் பகுதியில், துணை கிடைப்பதற்குக் கடினமானவர்களை முதலில் சேர்க்க வேண்டும். கடைசிக்கு விட்டால் 24 வயதுப் பெண்ணுக்கு 61 வயது மணமகன் என்று மீதங்கள் சேரும். ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள் ஜோடியாகிவிடாமல் தடுக்கும் நிபந்தனையும் தனியாக எழுதவேண்டிய ஒன்று. கருவிக்கு உறவு முறை தெரியாது.

கடைசியாக ஒன்று. ஆயிரம் பேரை வைத்து ஓட்டி, ஏதோ ஒரு விகிதம் 20 சதவீதம் என்று வந்தால், அதன் திட்டப்பிழை 1.26 சதவீதப் புள்ளி. திட்டத்தை மாற்றி இன்னொரு முறை ஓட்டினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் பிழை 1.8 புள்ளி. புதிய திட்டம் வறுமையை ஒரு புள்ளி குறைக்கிறது என்பது அந்த இரைச்சலில் காணாமல் போகும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். ஒரு லட்சம் பேர் என்றால் 0.18 புள்ளிக்கு வரும். இதைவிட மலிவான வழியும் உண்டு. மாட்ஜென் மொழியில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனியான சமவாய்ப்பு எண் வரிசை, அதற்கு ஓர் அடையாள எண். ஓய்வூதிய விதியை மாற்றினாலும் திருமணத்துக்கும் இறப்புக்கும் அதே எண்களே வரும். அதே ஆட்கள் அதே வாழ்க்கையை வாழ, மாறியது விதி மட்டுமே. எல்லா நிகழ்வுகளும் ஒரே வரிசையிலிருந்து எண் எடுக்கும்படி நாமே எழுதிய நிரலில், நடுவில் ஒருவர் ஓர் எண்ணைக் கூடுதலாக எடுத்தால் அவருக்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேருடைய விதியும் மாறிவிடும். இந்த ஒன்றுக்காகவே சிறப்புக் கருவியைக் கற்கலாம்.

பாடமாக வைக்கும் துறைகளுக்கு எங்கள் யோசனை: மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் மாடலை எழுதட்டும், மற்றவர் அதைப் பொய்யாக்கும் சோதனைகளை மட்டும் எழுதட்டும், பாதிப் பருவத்தில் மாறிக்கொள்ளட்டும். மதிப்பெண்ணைச் சோதனைக்கும் சமமாகக் கொடுங்கள். லாஜிட் தொடர்புப் போக்கும் (ரெக்ரஷன்) வாழ்நாள் அட்டவணையும் தெரிந்திருந்தால் போதும், சி++ முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மாநில அரசிடம் கேட்பது ஒன்றே. 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னோ பணியில் சேர்ந்த அரசு ஊழியர்களின் பங்களிப்பு ஓய்வூதியப் பதிவுகள் அரசின் கணினியில் ஆண்டுவாரியாக இருக்கின்றன. பெயர், எண், ஊர் எல்லாவற்றையும் நீக்கி, பிறந்த ஆண்டு, பாலினம், சேர்ந்த ஆண்டு, ஊதிய நிலை, விலகிய ஆண்டு, விலகிய காரணம் என்ற ஆறு பத்திகளோடு, நூற்றுக்கு ஐந்து பேர் என்ற மாதிரியைப் பல்கலைக்கழகங்களுக்குத் தர வேண்டும். ஒரே ஆளை ஆண்டுதோறும் தொடர்ந்து பார்த்த இவ்வளவு நீண்ட தரவு இங்கே வேறு எங்கும் மாணவர் கைக்கு எட்டும்படி இல்லை.

இப்படிக்கு,
புள்ளியியல், மக்கள்தொகையியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.